பதக்கங்கள் சொல்லாத பத்தொன்பது ஆண்டுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற வீரர்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, ஸ்காட்லாந்தின் 93வது சதர்லாந்து ஹைலேண்டர்ஸ் காலாட்படைப் பிரிவைச் சேர்ந்த வில்லியம் மெக்பீனின் கதையை ஒரே நாளோடு முடித்துவிட்டது. 1858 மார்ச் 11 அன்று லக்னோவின் பேகம் பாக் அரண்மனை மதிலில் உடைத்து ஏற்படுத்தப்பட்ட பிளவில் 11 பேரைத் தம் கையாலேயே கொன்றார் என்கிறது அவரது விருதுக் குறிப்பு. (கட்டுரையாளர் 'கலகக்காரர்கள்' என்று கடந்துபோகும் அந்த 11 பேர், ஆங்கிலேயரை எதிர்த்த அவத் அரசி பேகம் ஹஸ்ரத் மகால் தரப்பில் நின்று தங்கள் நகரைக் காத்தவர்கள் என்பதையும் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.)

என்னைப் பொறுத்தவரை, மெக்பீனிடம் வியப்புக்குரியது அந்த ஒரு நாள் அன்று. இன்வர்னெஸ்ஸில் பிறந்து 1835இல் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்த அவர், அதே படைப்பிரிவிலேயே படிப்படியாக உயர்ந்து அதன் தலைமையை ஏற்று, இறுதியில் மேஜர் ஜெனரல் ஆனார். அக்காலப் பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரிப் பதவிகள் விலைக்கு விற்கப்பட்டன; காலாட்படையில் கடைநிலை அதிகாரியான என்சைன் பதவிக்கு 450 பவுண்டு, லெப்டினன்ட் கர்னல் பதவிக்கு 4,500 பவுண்டு என்பது அரசே நிர்ணயித்த விலை, 1871 வரை அந்த முறை ஒழியவில்லை. போரில் இறந்தவர்களின் இடங்கள் பணமின்றி நிரப்பப்பட்டன என்பதை நினைத்தால், கையில் காசில்லாத ஒருவருக்குக் கிரிமியப் போரும் லக்னோ போரும் என்ன பொருள் தந்திருக்கும் என்பது விளங்கும். புதிதாகச் சேர்ந்த நாளில் தம்மைப் பாடாய்ப்படுத்திய பயிற்சிக் கார்ப்பொரலை அடிக்கலாம் என்று தோழர் ஒருவர் சொன்னபோது, "இந்தப் படைக்கே தலைவனாகப் போகிறவன், அப்படித் தொடங்கலாமா?" என்ற பொருளில் மறுத்தாராம், படைப்பிரிவில் வழங்கிய கதை அது.

பதக்கங்களைப் பற்றியும் ஒரு திருத்தம்: மெக்பீனுக்கு நீண்டகாலப் பணிப் பதக்கம் கிடைத்ததாகக் கட்டுரை சொல்கிறது. நீண்டகாலப் பணிக்கும் நன்னடத்தைக்குமான பதக்கத்தை 1830இல் நான்காம் வில்லியம் மன்னர் ஏற்படுத்தினார். காலாட்படையினர் அதைப் பெற 21 ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். அதிகாரிகளுக்கு அது கிடையாது. மெக்பீன் 1854 ஆகஸ்டில் என்சைன் ஆனபோது முடிந்திருந்தவை சுமார் 19 ஆண்டுகள்தாம். ஆகவே, 1838 முதல் 1848 வரை அவரது படைப்பிரிவு கனடாவில் இருந்த காலத்தையும் உள்ளடக்கிய அந்தச் சிப்பாய் வாழ்க்கைக்கு, கட்டுரை சொல்வதுபோல் அப்பதக்கம் அவருக்குக் கிடைத்திருக்க வழியில்லை. விக்டோரியா கிராஸுடன் அன்று வழங்கப்பட்ட, ஆண்டுக்கு 10 பவுண்டு ஓய்வூதியமும் அப்படித்தான்: அன்றைய விதிப்படி அது அதிகாரி நிலைக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மட்டுமே உரியது. பதவி உயர்வால் இரண்டையும் இழந்தவர் அவர்.

அடுத்த இதழில் இத்திருத்தத்தை வெளியிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர், மதுரை