கொல்லையில் ஓர் அடுப்பு மேடை

சிட்னி,
16.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நானும் உங்கள் மருமகளும் பேரனும் நலம். அங்கு நீங்களும் அம்மாவும் தங்கச்சி வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் உங்களுக்குப் பாதி கேட்பதில்லை. கேட்காத பாதியில்தான் நான் சொல்ல வந்தது இருந்துவிடுகிறது. ஆகவே இதை எழுதியே அனுப்புகிறேன். தங்கச்சியைப் படிக்கச் சொல்லாமல், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீங்களே நிதானமாகப் படியுங்கள்; வேலை சம்பந்தப்பட்ட கடிதம் இது.

சென்ற ஆண்டு அம்மா இங்கு வந்திருந்தபோது பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். கூடமும் அடுப்படியும் ஒன்றாக இருக்கும் வீடு இது. கருவாட்டைச் சட்டியில் போட்ட இரண்டாம் நிமிடம் கூரையிலிருக்கும் புகை மணி அலறும். நான் முக்காலியின் மேல் ஏறி நின்று துண்டால் விசிறுவேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, இந்த வீட்டில் சோறு மட்டும்தான் பொங்க முடியும் போலிருக்கிறது என்பார். போதாக்குறைக்கு இந்த நாட்டுச் சமையல் மேடை 90 செ.மீ. உயரம். குழம்பைக் கிண்டும்போதெல்லாம் அம்மாவின் தோள் காதைத் தொட்டது. அவர் ஊருக்குத் திரும்பிய வாரமே, கொல்லையில் ஒரு மேடை கட்டுவதென்று முடிவு செய்துவிட்டேன். சுவரை ஒட்டாமல், நாலு பக்கமும் சுற்றி வரும்படி தனியாக நிற்கிற மேடை. இங்குள்ளவர்கள் அதைத் 'தீவு' என்றே சொல்கிறார்கள்.

ஆள் வைத்துக் கட்டலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். இங்கே ஒரு கொத்தனாரின் ஒருநாள் கூலி, மேலூரில் ஒரு கொத்தனார் மாதம் முழுக்க வேலை பார்த்தால் கிடைக்கும் கூலிக்கு ஏறக்குறையச் சமம். அதனால் பாதிப்பேர் தங்கள் வேலையைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். சனி, ஞாயிறுகளில் சாமான் கடை வாசலில் திருவிழாக் கூட்டம் நிற்கிறது. கரணையைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்று சொல்லிப் படிக்க வைத்தவர் நீங்கள். அந்தக் கரணையை நாற்பத்திரண்டு வயதில், கடல் கடந்து வந்த ஊரில், காசு கொடுத்து வாங்கினேன்.

இடம் பார்ப்பதிலேயே முதல் சங்கடம். அடுப்பு தென்கிழக்கில், அக்னி மூலையில் இருக்க வேண்டும் என்றார் அம்மா. ஆனால் இந்த நாட்டில் சூரியன் வடக்கே சாய்ந்து போகிறது, கோடையில் இடியும் மழையுமாக வரும் காற்று தெற்கிலிருந்து திடீரென்று அடிக்கிறது. அந்தக் காற்று அடுப்பில் படாதபடி வீடே மறைவாக நிற்க வேண்டும் என்பதால், வீட்டுக்கு வடக்கே உள்ள தோட்டத்தில் இடம் குறித்தேன். ஜூலைக் குளிரில் வெயிலும் அங்கேதான் விழும். அம்மாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். மேடையின் உயரம், பரப்பு, வேலியிலிருந்து விட வேண்டிய தூரம் ஆகியவற்றுக்கு அரசு வரம்பு வைத்திருக்கிறது; அதற்குள் நின்றுகொண்டால் தனியே அனுமதி வாங்க வேண்டியதில்லை.

விறகடுப்பு ஆசை எனக்கும் இருந்தது. ஆனால் காட்டுத்தீ அபாயம் உள்ள நாள்களில் முழு நெருப்புத் தடை அறிவிப்பார்கள்; அன்றைக்கு விறகும் கரியும் மூட்டவே கூடாது, கேஸ் அடுப்பென்றால் சில நிபந்தனைகளோடு அனுமதி உண்டு. எனவே கேஸ்தான்.

மேற்குச் சிட்னி மண் களிமண். மழைக்கு உப்பி, வெயிலுக்கு வெடிக்கும். ஒரு சாண் தோண்டி, உடைத்த கல் கொட்டி, கெட்டித்து, அதன்மேல் 2.7 மீட்டருக்கு 1.1 மீட்டர், 10 செ.மீ. கனத்தில் கான்கிரீட் தளம் போட்டேன். சிமெண்டும் மணலும் ஜல்லியும் முன்பே கலந்த 20 கிலோ மூட்டைகளாகவே விற்கிறார்கள். தண்ணீர் ஊற்றிக் கிளற வேண்டியதுதான் பாக்கி. 33 மூட்டை பிடித்தது. கம்பி வலையைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்த நாம் வைக்கும் கவர் பிளாக்குக்குப் பதிலாக, விரல் உயரத்தில் பிளாஸ்டிக்கில் குட்டிக் குட்டி முக்காலிகள் விற்கிறார்கள். பேரன் அதில் பாதியைத் தன் பொம்மைகளுக்கு எடுத்துப் போய்விட்டான்.

ஜனவரி 26 இங்கும் தேசிய நாள். இந்த ஆண்டு அது ஞாயிற்றுக்கிழமை வந்ததால் திங்களும் விடுமுறை. ஞாயிறு விடியற்காலை ஆறு மணிக்குத் தொடங்கினோம். நான் கொத்தனார், உங்கள் மருமகள் சித்தாள். தள்ளுவண்டியிலேயே கலவையைப் போட்டு மண்வெட்டியால் புரட்டினோம். பத்து மூட்டைக்குமேல் என் கை கழன்றது. அவள் கை கழலவில்லை. மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்ப்பதையும், மூன்று, நான்கு, ஐந்து என்று முடிச்சுப் போட்ட கயிற்றால் மூலைமட்டம் எடுப்பதையும் நீங்கள் செய்யச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். யாரும் சொல்லித் தராமலேயே அது கைக்கு வந்தது. சாக்கு கிடைக்காததால் பழைய போர்வைகளை நனைத்துப் போட்டு ஏழு நாள் நீராற்றினேன். ஜனவரி இங்கே கோடை, இரவு எட்டு மணிக்குத்தான் பொழுது சாய்கிறது என்பதால், வேலை முடிந்து வந்த பிறகும் அதற்கு வெளிச்சம் இருந்தது.

சுவருக்கு ஹாலோ பிளாக். 39 செ.மீ. நீளம், 19 செ.மீ. உயரம், ஒரு சென்டிமீட்டர் கலவை சேர்ந்தால் 40-க்கு 20. நான்கு வரிசை வைத்தால் சரியாக 80 செ.மீ.; அதன்மேல் சிமெண்ட் பலகையும் கல்லும் சேர்ந்து 85. இந்த ஊர் உயரத்தைவிட ஐந்து சென்டிமீட்டர் குறைவு. அந்தக் கணக்கு யாருக்காகப் போட்டது என்று அம்மாவுக்குத் தெரியும்.

கேஸ் சிலிண்டர் இங்கே 9 கிலோ, நம்மூர் 14.2 கிலோ சிலிண்டரைவிடக் குட்டை. மேடைக்குள் அதற்கு ஓர் அறை விட்டேன். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழேதான் தேங்கும். அதற்காக அடி வரிசையில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பிளாக்கைப் படுக்கப்போட்டு, அதன் ஓட்டைகள் வெளியே பார்க்கும்படி வைத்திருக்கிறேன். எலி நுழையாமல் கம்பி வலையும் அடித்தாயிற்று. கேஸ் குழாய் இணைப்பையும் மின்சார இணைப்பையும் நாமே செய்வது இங்கே சட்டப்படி குற்றம். உரிமம் பெற்றவர்கள் வந்து செய்து, சான்றிதழும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இப்போது கல்லுக்கு வருகிறேன். இதை எழுதத்தான் பேனாவையே எடுத்தேன். கல் கடையில் வெள்ளைப் பலகை ஒன்று சாய்ந்து நின்றது. 'காஷ்மீர் ஒயிட்' என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். இமயமலைக் கல், ரொம்ப உசத்தி என்றார் கடைக்காரர். கிட்டே போய்ப் பார்த்தேன். சாம்பல் கலந்த வெள்ளையில் மாதுளை முத்தைத் தெறித்துவிட்டாற்போல் கருஞ்சிவப்புப் புள்ளிகள். நம் பஸ் நிறுத்தத்துத் திண்ணையில் பதித்திருக்கும் அதே கல், அப்பா! மதுரைப் பக்கத்துக் கல்லைத்தான் உலகம் முழுக்கக் காஷ்மீர் என்று பெயர் சூட்டி விற்கிறார்கள். நான் அந்த மலைகளுக்குக் கீழே பிறந்தவன் என்றேன். அவர் நம்பவில்லை, விலையையும் குறைக்கவில்லை.

இங்கே வீடுகளில் அதிகம் போட்டது இயற்கைக் கல் அல்ல, கல்தூளைப் பிசினில் கெட்டிப்படுத்திச் செய்யும் செயற்கைக் கல். அதை அறுக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலை அரித்து, இளம் வயதுத் தொழிலாளர்களைப் படுக்கையில் தள்ளியதால், 1.7.2024 முதல் நாடு முழுவதும் அதற்குத் தடை. உலகில் முதலில் தடை செய்தது இந்த நாடுதான். நம் கல்லிலும் சிலிக்கா உண்டு, அளவுதான் குறைவு. அதனால் அறுப்பையும், அடுப்புப் பதிக்கும் துளையையும் பட்டறையிலேயே தண்ணீர் ஊற்றிச் செய்து கொடுத்தார்கள். அறுத்தவர் முகத்தை மூடிய கவசம் போட்டிருந்தார். கீழவளவுக் குவாரியில் பெரியப்பா வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்ததும், அவருடைய இருமலை நாம் கடைசி வரைக்கும் பீடி இருமல் என்றே சொல்லிக்கொண்டிருந்ததும் அங்கே நின்றபோது நினைவுக்கு வந்தன. அவர் பீடியை விட்ட பிறகும் எட்டு வருடம் இருமினார்.

பலகை ஏறக்குறைய 190 கிலோ. படுக்கவைத்துத் தூக்கினால் துளைப் பக்கம் ஒடிந்துவிடும் என்பதால், நாலு பேர் நிமிர்த்தியே கொண்டுவந்து ஏற்றினோம். இந்தக் கல் எண்ணெய் குடிக்கும். வெட்டிய துண்டு ஒன்றில் மஞ்சள்தூளும் நல்லெண்ணெயும் குழைத்து ஓர் இரவு வைத்துப் பார்த்தேன். காலையில் துடைத்தால் போகாத மஞ்சள் வட்டம். அதன் பிறகுதான் மேற்பூச்சு மருந்தை இரண்டு தடவை பூசினேன். இப்போது தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது.

போன ஞாயிறு முதல் சமையல். வஞ்சிரம் கிடைத்தது. வாலைக் குலுக்கிச் சிரிக்கும் பறவை ஒன்று உண்டு இங்கே, குக்கபரா என்று பெயர். வேலியிலிருந்து பாய்ந்து ஒரு துண்டைத் தட்டிலிருந்தே தூக்கிக்கொண்டு போய்விட்டது. புகை மணி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

இனி என் தப்பைச் சொல்கிறேன். அடித்தளத்தை ரசமட்டம் வைத்து, குமிழி நடுவில் நிற்கும்படி, கண்ணாடிபோல் சமமாகப் போட்டேன். அதில் எனக்குப் பெருமை வேறு. பிப்ரவரியில் ஒரு மாலை பெய்த மழையில் சிலிண்டர் அறைக்குள் இரண்டு விரல்கடை தண்ணீர் தேங்கியது. தண்ணீர் வழிந்தோடச் சரிவாக வாட்டம் விட மறந்திருக்கிறேன், அப்பா. நம் வீட்டுத் திண்ணையிலிருந்து மாட்டுக் கொட்டகை வரைக்கும் தண்ணீர் தானாக ஓடும். அது ஏன் ஓடுகிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கல்லை ஏற்றும்போது புத்தி வந்து, பின்பக்கம் ஒரு காசு கனத்துக்குத் தாழ்த்தி வைத்தேன். மேலே தண்ணீர் நிற்பதில்லை. கீழேதான் நிற்கிறது. இப்போதைக்குச் சிலிண்டரை இரண்டு செங்கலின்மேல் நிறுத்தியிருக்கிறேன்.

பழைய தளத்தைக் கொத்திவிட்டு, அதன்மேல் வாட்டத்தோடு சிமெண்ட் கலவை போட்டால் பிடிக்குமா, அல்லது பெயர்ந்துவிடுமா? அறை நீளம் 60 செ.மீ.; அதற்கு எவ்வளவு வாட்டம் போதும்? கலவையில் மணல் எத்தனை பங்கு? தங்கச்சி போனில் படங்கள் அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது வரிசையின் இடப்பக்க மூலை அரை விரல் வெளியே தள்ளியிருப்பது தெரியும். அதைப் பூச்சில் மறைத்துவிடுவேன், அது பற்றித் திட்ட வேண்டாம். வாட்டத்தைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகன்