சூலியா தெருவில் உதவிய ஐயாவுக்கு நன்றி

ஸ்காட்லாந்தில் 1869இல் கட்டப்பட்டு, சீனத் தேயிலையை லண்டனுக்கு ஏற்றிச் சென்ற 'கட்டி சார்க்' பாய்மரக் கப்பலின் மர மாதிரியைச் செய்துவரும் எனக்கு, பினாங்கு சூலியா தெருவின் மரச்சாமான் கடையொன்றில் வழிகாட்டிவிட்டு, பெயரைக் கேட்பதற்குள் கிளம்பிவிட்ட ஐயாவுக்கு என் மனமார்ந்த நன்றி. கப்பலின் வயிற்றுப் பகுதியைவிட முகப்பில் சுற்றளவு குறைவு என்பதால், ஒவ்வொரு பலகையையும் முன்முனை நோக்கிச் சீவி ஒடுக்கினால்தான் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் படியும் என்பதை, என் கையிலிருந்த பலகையிலேயே பென்சிலால் கோடிட்டு விளக்கினார். வெந்நீரில் ஊறவைத்து வளைத்த பலகை நன்றாக உலர்ந்த பின்பே பசையிட வேண்டும், இல்லையேல் பின்னர் சுருங்கி இடைவெளி விடும் என்றும் சொன்னார். (நம் ஊர் ஈரக்காற்றில் அதற்குத் தனிப் பொறுமை வேண்டும்.) முகப்புப் பலகைகள் இப்போது சீராகப் படிந்துவிட்டன, பாய்மரக் கயிறுகள் கட்டும் வேலை மீதமிருப்பதால், ஐயாவை அறிந்தவர்கள் என் நன்றியோடு இதையும் அவரிடம் தெரிவிக்க வேண்டுகிறேன்.