கூந்தன்குளம் நாரைக் குஞ்சுகளுக்கு இன்னும் 56,500 ரூபாய் வேண்டும்

உள்ளூரில் இருப்பவர்களுக்கும், சென்னை, மும்பை, வளைகுடா என்று பிழைக்கப் போன நம் சொந்தங்களுக்கும் கூட்டிலிருந்து விழும் நாரைக் குஞ்சுகளை வைத்து வளர்க்கும் குஞ்சுக் கொட்டகைக் குழுவின் வணக்கம்.

தெருப் புளியமரங்களிலும் குளத்துக் கருவேல மரங்களிலும் வர்ண நாரைகள் குஞ்சு பொரித்துவிட்டன. உச்சி வெயிலில் தாய் நாரை கூட்டின் மேல் நின்று சிறகை விரித்துக் குடை பிடிக்கிறது. குளத்துத் தண்ணீரை மொண்டு வந்து குஞ்சுகள் மேல் ஊற்றுகிறது. ஆனால் காற்றில் ஒரு குஞ்சு தவறி விழுந்துவிட்டால், தாய் இறங்கி வந்து இரை ஊட்டாது. நாய் பார்ப்பதற்குள் நாம்தான் ஓடித் தூக்க வேண்டும். மறைந்த பால்பாண்டி அப்படித் தூக்கி வந்து மீன் கொடுத்து வளர்த்த குஞ்சுகளை இந்த ஊர் மறக்காது.

1994-ல் அரசு சரணாலயம் என்று அறிவித்தது. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் பெயரும் வந்தது. சரி, அதற்கெல்லாம் முன்பே நம் தாத்தாமார் நாரைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே கைவிட்டவர்கள். நாரை கூடு கட்டும் வீட்டுக்கு நல்லது நடக்கும் என்று ஆச்சிமார் சொல்லி வளர்ந்தோம். நாரை எச்சம் உரமாகக் கலந்த குளத்துத் தண்ணீர் பாய்ந்த வயலின் சோறுதான் நாம் தின்றது.

பழைய கொட்டகையின் கம்பிவலை துருப்பிடித்து இற்றுவிட்டது. புது வலைக்கும் தூணுக்கும் 62,000, தண்ணீர்த் தொட்டிக்கு 18,000, இரண்டு மாத மீனுக்கு 60,000, ஆக 1,40,000 ரூபாய். கையில் 83,500 இருக்கிறது. மாசி முடிவதற்குள் மீதி வந்தால்தான் சித்திரைக் காற்றுக்கு முன் வேலை முடியும்.

இதுவரை கொடுத்த ஒவ்வொருவரையும் கையெடுத்துக் கும்பிடுகிறோம். மும்பையில் கடை வைத்திருக்கும் தம்பிமார் கேட்காமலே அனுப்பினார்கள். பள்ளிப் பிள்ளைகள் உண்டியலை உடைத்துக் கொண்டுவந்தார்கள். பீடி சுற்றிய கூலியில் 200 ரூபாயை முந்தானையில் முடிந்துவந்து கொடுத்த அம்மாவுக்கு என்ன சொல்லி நன்றி சொல்ல? அவர் புண்ணியவதி.

கோயில் கொடைத் திருவிழா வரி பாக்கி என்றால் தலைகுனிவு என்று நினைக்கிற ஊர் இது. வாயில்லா ஜீவனுக்கு மட்டும் ‘அப்புறம் பார்ப்போம்’ எனலாமா? இரண்டு முறை வீடு தேடி வந்தும் கொடுக்காதவர்கள் கொஞ்சம் யோசியுங்கள்.

பணத்தைப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கையில் காசு இல்லாதவர்கள் சித்திரையில் காலை ஒரு மணி நேரம் மீன் ஊட்ட வந்தாலும் போதும்.