பழைய பிரெஞ்சுப் புத்தகங்களை எடைக்குப் போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதுச்சேரியிலும் கடலூர்ப் பக்கத்திலும் பழைய வீடுகள் கைமாறும்போது பரணிலிருந்தும் டிரங்குப் பெட்டியிலிருந்தும் பிரெஞ்சுப் புத்தகங்கள் இறங்குகின்றன. சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) பென்ஷன் வாங்கிய தாத்தா வைத்திருந்தது, வியட்நாமின் சைகோனில் உத்தியோகம் பார்த்த பெரியப்பா கொண்டுவந்தது. பேரப்பிள்ளைகளுக்கு அந்த மொழி தெரியாது. தங்க எழுத்துப் பொறித்த தடித்த விக்தோர் உய்கோவை (விக்டர் ஹியூகோ) ஷோகேசில் வைத்துவிட்டு, அட்டை கிழிந்த ஒல்லிப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் இது தலைகீழான முடிவு.

உய்கோ, துய்மா, பல்சாக் போன்ற நாவலாசிரியர்களின் நூல்கள் எல்லாம் அவர்கள் காலத்திலேயே ஆயிரக்கணக்கில் அச்சானவை. பிரான்ஸ் தேசிய நூலகத்தின் 'கல்லிக்கா' இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. 1862-இல் வந்த உய்கோவின் பெரிய நாவலைத் தமிழில் வேண்டுவோருக்குச் சுத்தானந்த பாரதியாரின் 'ஏழை படும் பாடு' இருக்கிறது. பழைய லரூஸ் அகராதிக்கும் தனி மதிப்பு எதுவும் இல்லை. ழூல் வெர்னின் (ஜூல்ஸ் வெர்ன்) நாவல்களை எட்செல் பதிப்பகம் படங்களோடு வெளியிட்ட சிவப்புத் துணிக்கட்டுப் பதிப்பு மட்டும் விதிவிலக்கு. அதற்கு வெளிநாட்டில் நல்ல விலை உண்டு.

இங்கே அச்சானவையும் தமிழோடு தொடர்புள்ளவையும்தான் அரிது. குறைந்த படிகள்தான் அச்சாயின. அவையும் இந்த ஊரைத் தாண்டி அதிகம் போகவில்லை. முஸ்ஸே, துய்ப்புய் என்ற இரு பாதிரியார்கள் தொகுத்து மிஷன் அச்சகத்தில் 1855-லும் 1862-லும் இரண்டு தொகுதிகளாக வந்த தமிழ்–பிரெஞ்சு அகராதி, ஞானு தியாகுவின் திருக்குறள் மொழிபெயர்ப்பு (1942), பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956-இல் வெளியிட்ட காரவேலனின் காரைக்கால் அம்மையார் மொழிபெயர்ப்பு போன்றவை. கடைசியாகச் சொன்னது பார்வைக்கு ஒரு பள்ளிக்கூட நோட்டுப் போலத்தான் இருக்கும். ஆளுநர் மர்த்தினோ 1911-இல் தொடங்கிய பிரெஞ்சிந்திய வரலாற்றுக் கழகத்தின் வெளியீடுகள், அரசிதழ்கள், ஆண்டு வழிகாட்டிகள், பள்ளி இலக்கணப் பாடநூல்கள் ஆகியவற்றையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அகராதிக்கு மறுபதிப்பு உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் மூலப் படியின் ஓரத்தில் ஒரு வாத்தியார் மையால் எழுதிவைத்த வட்டார வழக்குச் சொல் மறுபதிப்பில் வராது.

பிரெஞ்சு தெரியாதவரும் இரண்டே பக்கங்களைப் பார்த்து இதைப் பிரித்துவிடலாம். முதலில் தலைப்புப் பக்கத்தின் அடி. அங்கே ஊர்ப் பெயர் பாரிஸா, பிரான்சின் தூர் (Tours) நகரமா, பொந்திஷேரியா (Pondichéry, அதாவது புதுச்சேரி) என்று இருக்கும். பொந்திஷேரி என்றால் உடனே தனியே எடுத்து வையுங்கள்; காரைக்கால், சைகோன் என்றிருந்தாலும் அப்படியே. ஆண்டு ரோமன் எழுத்தில் இருக்கலாம்: எம் 1000, டி 500, சி 100, எல் 50, எக்ஸ் 10. அபூர்வமாக 'ஆன்' (An) என்ற சொல்லும் ஓர் எண்ணும் இருந்தால் அது பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டி. எண்ணோடு 1791-ஐக் கூட்டினால் அந்த ஆண்டு தொடங்கிய செப்டம்பர் வரும். ஆன் 8 என்றால் 1799 செப்டம்பர் முதல் 1800 செப்டம்பர் வரை.

அடுத்தது கடைசிப் பக்கம். பிரெஞ்சுக்காரர்கள் அச்சு முடிந்த தேதியை 'அஷெவே தெம்ப்ரிமே' (Achevé d'imprimer) என்று தொடங்கும் சின்ன வரியில் அங்கேதான் போடுவார்கள். 20-ஆம் நூற்றாண்டு நூல்களில் 'தெப்போ லெகால்' (Dépôt légal, சட்டப்படி அரசுக்குப் படி கொடுத்தது) என்று காலாண்டும் ஆண்டும் சேர்ந்திருக்கும். முன்பக்கத்துக் காப்புரிமை ஆண்டை மட்டும் பார்த்து 'முதல் பதிப்பு' என்று குதிக்க வேண்டாம். அட்டையில் ஓர் எண்ணோடு 'மில்' (mille) என்று இருந்தால் அது எத்தனையாவது ஆயிரம் என்று அர்த்தம். பொருளடக்கம் முன்னால் இல்லையே, பக்கம் போய்விட்டதோ என்று பயப்படவும் வேண்டாம். அது கடைசியில்தான் இருக்கும்.

சில புத்தகங்களில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் மடிந்தே இருக்கும். அச்சுப் பிழை அல்ல. 16 பக்கமாக மடித்த அச்சுத் தாளை (ஃபாரம்) வெட்டாமலே தைத்து, மெல்லிய தாளட்டை போட்டு விற்பது அவர்கள் வழக்கம். வாசகரே பிரித்துக்கொள்ள வேண்டும். விரலால் கிழித்தால் தாள் கோணலாகக் கிழியும், பிளேடு வழுக்கி எழுத்துக்குள் போகும். மழுங்கிய மூங்கில் பட்டையை மடிப்புக்குள் விட்டு, மடிப்போடு ஒட்டி மெதுவாக இழுத்தால் போதும். கொடுக்கப்போகிற புத்தகம் என்றால் பிரிக்காமலே விட்டுவிடுங்கள்.

பள்ளிப் பரிசு நூல்களையும் பலர் தவறாக எடைபோடுகிறார்கள். சிவப்புத் துணி அட்டையும் பொன் விளிம்புமாக மின்னும். பெரும்பாலும் தூர் நகரத்து மாம் பதிப்பகத்தின் நீதிக்கதைகள். கதை சாதாரணம்தான். உள்ளட்டையில் ஒட்டிய சீட்டில் பள்ளி, வகுப்பு, ஆண்டு, எந்தப் பாடத்துக்கு எந்தப் பரிசு, எந்த மாணவர் என்று எழுதியிருக்கும். இங்கே யார் என்ன படித்தார்கள் என்பதற்கு அதுதான் சான்று. அட்டையை மாற்றுகிறேன் என்று அந்தச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

அதிகச் சேதம் பூச்சியால் வருவதில்லை, பைண்டிங்கால் வருகிறது. கொடுத்த மாத்திரத்தில் நம்மூர் பைண்டர் மூன்று ஓரங்களையும் கட்டிங் மெஷினில் வெட்டி நேராக்குவார். ஓரக் குறிப்புகளும் மார்ஜினும் அதோடு போய்விடும். அச்சகப் பெயர் இருக்கிற தாளட்டையைக் கிழித்துப் போடுவார். மடிப்பின் நடுவில் தைத்த (நடுத்தையல்) ஃபாரங்களைப் பிரித்து, ஓரத்தில் குத்தித் தைக்கும் பக்கத்தையல் போடுவார். பிறகு புத்தகம் முழுதாக விரியாது. விரித்து அழுத்தினால் பழைய தாள் தையலோரத்திலேயே முறியும், ஏனென்றால் 1850-களுக்குப் பிறகு பரவிய மரக்கூழ்த் தாளில் அமிலம் அதிகம். முதுகில் ஃபெவிகால் பூசினால் பின்னால் எடுக்க முடியாது. பூச்சி வராதென்று மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பதும் வேண்டாம். அதிலுள்ள செம்பு தாளின் நாரையே காலப்போக்கில் அரித்துவிடும். ஆகவே பைண்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: ஓரம் வெட்டக் கூடாது, பழைய அட்டையை உள்ளே வைத்துக் கட்ட வேண்டும், பழைய துளையிலேயே நடுத்தையல், துத்தம் இல்லாத பசை. முடியாது என்றால் கட்டவே வேண்டாம். வெள்ளைத் தாளில் சுற்றி நாடாவால் கட்டி வைத்தாலே போதுமானது. செலோ டேப் கூடவே கூடாது.

கடலோர ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சை கிளம்பும். வெயிலில் உலர்த்தாதீர்கள், தாள் நெளியும், மை வெளிறும். நிழலில், முகக்கவசம் போட்டுக்கொண்டு, மென்மையான தூரிகையால் வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். உயிருள்ள பூச்சி இருந்தால் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்கலாம். எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள். இல்லாவிட்டால் தாளிலேயே நீர் கோத்துக்கொள்ளும். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுவது கரையானுக்கும் நல்லது, ஈரத்துக்கும் நல்லது. (கரையானுக்கு அல்ல, நமக்கு.)

புத்தகங்களோடு நோத்தேர் (பிரெஞ்சு நோட்டரி) பத்திரம், படைவீரர் சேவைப் புத்தகம், கையெழுத்துப் பிரதி ஏதும் இருந்தால் கலைக்காமல் அப்படியே வையுங்கள். வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகளும் ஆவணங்களும் 75 ஆண்டுகளைக் கடந்திருந்தால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். ஆகவே பிரான்சிலிருக்கும் உறவினருக்கு கூரியரில் அனுப்பிவிடலாம் என்று நினைக்கக் கூடாது.

அரிய நூல்களைக் கொடுக்க விரும்பினால், 1827-இல் தொடங்கிய, இன்று ரொமெய்ன் ரோலண்டு பெயரில் உள்ள நூலகம், பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், துய்மா வீதியிலுள்ள தூரக்கிழக்கு ஆய்வு மையம், தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரி மையம் ஆகியவற்றைக் கேட்கலாம். மூட்டையோடு போய் நிற்காதீர்கள். இடப்பற்றாக்குறையில் எந்த நூலகமும் திருப்பி அனுப்பிவிடும். நூலுக்கு மூன்று படம் எடுங்கள்: தலைப்புப் பக்கம், கடைசிப் பக்கம், கையெழுத்தோ முத்திரையோ உள்ள பக்கம். அதோடு பக்க எண்ணிக்கையும் சேதமும் குறித்த பட்டியலை முதலில் அனுப்புங்கள். கல்லிக்காவில் தேடி, அங்கே இல்லாதவற்றைப் பட்டியலின் மேலே எழுதுங்கள். அவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

மிஞ்சுகிற உய்கோக்களையும், 1953-க்குப் பிறகு வந்த, பசை காய்ந்து தாள் உதிரும் 'லீவ்ர் தெ போஷ்' பாக்கெட் பதிப்புகளையும் பிரெஞ்சு படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். காந்தி வீதி ஞாயிறு சந்தையிலும் போடலாம், தப்பில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.