வெள்ளை மைக்கு அடியில் இன்னொரு பெயர்

மாற்றுத்திறன் குழந்தைகளையும் மற்றவர்களோடு சேர்த்துப் படிக்க வைக்கும் ‘உள்ளடக்கிய கல்வி’ தரும் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கு,

வணக்கம். என் மகள் நான்காம் வகுப்பில் படிக்கிறாள். அவளுக்கு ஆட்டிசம். சென்ற மாதம் அவளுடைய ‘தனிநபர் கல்வித் திட்டம்’ (அவளுக்கென்றே வகுக்கும் கற்றல் இலக்குகள்) என்று பள்ளியில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். பெயர் எழுதிய இடத்தில் வெள்ளை மை பூசியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், அடியில் வேறொரு பையனின் பெயர். பருவ இலக்கு: ‘உயிரெழுத்துகளை அடையாளம் காண்பான்.’ ஆண்பாலைப் பெண்பாலாக்கக்கூட யாருக்கும் நேரமில்லை. மளிகைக் கடையில் பொட்டலம் கட்டித் தரும் செய்தித்தாளைப் பிரித்து வரி விடாமல் படிக்கிறவள் அவள்.

அவளுக்குச் சிக்கல் எழுத்தில் இல்லை. கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று கேட்க வராது. மூன்றாம் வகுப்பு ஆசிரியை இதைக் கவனித்து, தண்ணீர்க் குழாய் படம் வரைந்த ஓர் அட்டையை அவள் மேசையில் ஒட்டினார். முதலில் அவரே அவள் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தார். பிறகு அவளே தொட்டுக் காட்டினாள். மூன்று வாரத்தில் ஈரப் பாவாடையோடு வீடு திரும்புவது நின்றது. அந்த ஆசிரியைக்கு மாற்றல் வந்தது. அவர் கண்டுபிடித்த வழி எந்தத் தாளிலும் ஏறவில்லை. ஜூன் மாதம் ஈரப் பாவாடை மறுபடி வந்தது.

தனிநபர் கல்வித் திட்டம் என்பது இதற்காகத்தானே? ஓர் ஆசிரியர் கற்றுக்கொண்டதை அடுத்தவர் கையில் ஒப்படைப்பதற்கு?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 16ஆம் பிரிவில், அரசு நிதி பெறும் பள்ளிகளோடு அரசு அங்கீகாரம் மட்டும் பெற்ற பள்ளிகளையும் சேர்த்தே பேசுகிறது. குழந்தைக்குத் தேவையான தனிப்பட்ட உதவியைத் தர வேண்டும், முன்னேற்றத்தைக் கண்காணிக்க வேண்டும் என்கிறது. வெள்ளை மை பூசிய தாளை வைத்துக்கொண்டு எந்த முன்னேற்றத்தைக் கண்காணிப்பீர்கள்?

மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிக்கவென்றே பயிற்சி பெற்ற சிறப்பாசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. தொடக்க வகுப்புகளில் இத்தகைய பத்துக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று 2022இல் ஒன்றிய அரசு அறிவித்தது. எங்கள் பள்ளிக்கு வருகிறவர் பல பள்ளிகளுக்கு அலைகிறார். வருகிற நாளில் கோப்பை முடிக்கவே அவருக்குப் பொழுது சரியாகிவிடுகிறது. அதனால்தான் கேட்கிறேன், திட்டத்தை அவர் தலையில் மட்டும் கட்டாதீர்கள். வாரம் முழுவதும் குழந்தையோடு இருப்பவர் வகுப்பாசிரியர், மற்ற நேரமெல்லாம் நாங்கள். பள்ளி திறந்ததும் எங்கள் மூவரையும் அரைமணி நேரம் ஒன்றாக உட்கார வையுங்கள். இரண்டு இலக்கு போதும், ஆனால் அவை அந்தக் குழந்தையின் இலக்குகளாக இருக்கட்டும். பருவம் முடிந்ததும் எடுத்துப் பார்ப்போம். மாற்றல் வாங்கிப் போகிறவர் அதை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும். (இதற்குத் தனி நிதி எதுவும் வேண்டாம், ஒரு குயர் தாள் போதும்.)

குழாய் படத்தை நானே வரைந்து போன திங்கட்கிழமை புதிய ஆசிரியையிடம் கொடுத்தேன். சிரித்த முகத்தோடு வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார். அந்தத் தாளில் நான் இன்னும் கையெழுத்திடவில்லை.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா