சனிக்கிழமைச் சம்பளம்

திருப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளைக்கு,

ஏழு மாசமாக ஒரு வரி எழுதவில்லை என்று நீ திட்டியதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். மீதியை நீயே வைத்துக்கொள், நீ மட்டும் எழுதிக் கிழித்தாயா? அம்மாவுக்கு முட்டி வலி தேவலை. சின்னவள் கல்லூரிக்குப் போகிறாள். சோடாபுட்டி இன்னும் அந்த முந்நூறைத் தரவில்லை. நலம் விசாரிப்பு முடிந்தது.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் பேசித் தொலைத்தேன். ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் ஆறு பேரை என் தலையில் கட்டிவிட்டார்கள். நின்றுவிடுவார்கள் போலத் தெரிகிறவர்களாம். வாரம் ஒருநாள் போய்ப் பேச வேண்டும், வராதவனை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும். "கணக்கில் பதினொன்று வாங்கியவன் யாருக்குடா புத்தி சொல்கிறாய்" என்று ஆரம்பிப்பாய். ஆரம்பிக்காதே.

முதல் மாதம் படிப்பின் அருமையைப் பற்றிப் பொழிந்து தள்ளினேன். கொட்டாவி விட்டார்கள். பொங்கல் லீவு முடிந்ததும் ஒருவன் வரவில்லை. "திடீர்னு நின்னுட்டான் சார்" என்றார் டீச்சர். வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் திடீரும் இல்லை, ஒன்றும் இல்லை. ஜூலையிலிருந்தே திங்கட்கிழமை தோறும் ஆப்சென்ட். ஆயுத பூஜைக்குப் பிறகு செவ்வாயும் சேர்ந்துகொண்டது. தீபாவளி அவசரத்தில் ஒரு வாரம் முழுக்க இல்லை. சனி, ஞாயிறு வேலைக்குப் போனவன் திங்கள் காலை எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். ஆறு மாதமாக அவன் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

தேடிப் போனேன். அவன் குடியிருக்கும் லைன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஜாப் ஒர்க் கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தான். புருவமெல்லாம் பஞ்சு. நான் பேசப் பேச அவன் கை நிற்கவே இல்லை. பனியனைப் புரட்டுகிறான், தையல் முனையில் நூலைக் கத்தரிக்கிறான், பன்னிரண்டு சேர்ந்ததும் ஒரு கட்டு. ஓனர் சிரித்துக்கொண்டே, "பதினாலு முடிஞ்சிருச்சுங்கண்ணா" என்றார். சட்டம் படித்த ஆள். 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் பதினாலோடு கையை விட்டுவிடுகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தமோ, பதினாலுக்கு மேல் ஆபத்தான தொழிலில்தான் வைக்கக் கூடாது என்கிறது. ராத்திரி ஏழுக்கு மேல் வேலை கூடாது என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. நான் போனபோது மணி எட்டு.

பையனை வெளியே கூட்டி வந்து டீ வாங்கிக் கொடுத்தேன். "கல்லூரிக்குப் போனால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் தருவார்கள்டா" என்றேன். "சனிக்கெழமையானா 1,800 வருதுங்கண்ணா" என்றான். உன் பதினொன்று மார்க் நண்பனுக்கு அதற்குமேல் வாய் வரவில்லை.

காசு மட்டும்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டே கிளம்பினேன். கடைச் சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். "யாருடா அது, கண்ணாடி கொண்டுவரல, படி" என்றேன். சும்மாதான் கேட்டேன். பையன் போட்டோவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "டைமாச்சுங்கண்ணா" என்று ஓடிவிட்டான். மாப்ளை, அவனுக்குப் படிக்கத் தெரியாது. கட்டுக் கணக்கை மனசிலேயே போடுகிறவன், எழுத்துக் கூட்டினால் இரண்டாவது சொல்லில் நிற்கிறான். எட்டு வரை யாரையும் ஃபெயில் ஆக்குவதில்லை. அதை நான் குறை சொல்ல மாட்டேன், ஃபெயில் ஆக்கியிருந்தால் ஆறிலேயே போயிருப்பான். ஆனால் ஒன்பது வருஷம் பின்பெஞ்சில் ஒளிந்துகொண்டிருக்க எவ்வளவு சாமர்த்தியம் வேண்டும், யோசித்துப் பார்.

அன்றிரவு நம் குட்டையன் ஞாபகம் வந்தது. தமிழய்யா எழுந்து படி என்றால் அவனுக்கு மட்டும் ஏன் எப்போதும் ஒண்ணுக்கு வந்தது? நாம் சிரித்தோம். நான் பட்டப்பெயர் வேறு வைத்தேன். அந்த அரையாண்டோடு அவன் நின்றான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு ஞாயிறாகப் பையன் வீட்டுக்கு வருகிறான். முதல் நாள் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை வைத்தேன், அணில் படத்தைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. மடத்தனம் என்னுடையது. இன்று பனியன் லேபிள், பஸ் போர்டு, கிரிக்கெட் செய்தி என்று ஓட்டினேன், ஒரு மணி நேரம் உட்கார்ந்தான். திரும்பப் பள்ளிக்கு வருவதைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. உன் வீட்டுத் தங்கச்சி இருபது வருஷம் இதையே செய்தவள் அல்லவா? மீசை முளைக்கிற பையனுக்கு எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டு எழுது. சனிக்கிழமைக்குள் வேண்டும். அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு வருகிறேன் என்றிருக்கிறான்.

உன் பங்காளி