மணல்மேட்டுப் பஞ்சுருட்டான்களுக்கு ஏழு வாரம் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். சென்ற மாதம் எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) மண்டபத்தில் நான் மாட்டி வைத்த பறவைப் படங்களைப் பார்த்தவர்களில் பலர், எந்தக் கேமரா, எந்த லென்ஸ் என்றே கேட்டனர். அந்தக் கேள்விகளுக்கு அங்கேயே பதில் சொல்லிவிட்டேன். அந்தப் பறவைகள் கூடு கட்டிய மணல், படம் எடுக்கும்வரை அள்ளப்படாமல் அங்கே எப்படி இருந்தது என்று எவரும் கேட்கவில்லை. அதைச் சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

கெடாவையும் பினாங்கையும் பிரிக்கும் மூடா ஆற்றுக்குத் தெற்கே, வட செபராங் பிறையின் வயல்களை ஒட்டிய ஒரு கம்பத்தில் (கிராமத்தில்), வீடு கட்டுவதற்காகக் கொட்டப்பட்ட மணல் சில மாதங்களாகக் கிடந்தது. மார்ச் மாதத்தில் நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான்கள் அதில் வளை தோண்டத் தொடங்கின. மலாய்க்காரர்கள் பெரெக்-பெரெக் என்று அழைக்கும் இப்பறவைகளில் பெரும்பாலானவை ஆண்டின் தொடக்கத்தில் தீபகற்ப மலேசியாவுக்கு வந்து, மண்ணுக்குள் முட்டையிட்டு, குஞ்சு வளர்த்து, ஆகஸ்ட்டுக்குப் பின் போய்விடுபவை. அலகால் கொத்தி, கால்களால் மணலைப் பின்னுக்கு எற்றித் தள்ளியே வளை தோண்டும். அதன் கடைசியில் உள்ள அறையில் புல்லோ இறகோ பரப்புவதில்லை, வெறுந்தரையில்தான் முட்டை. ஆகவே ஒரு மண்வாரி இயந்திரத்தின் ஒரே அள்ளலில் எல்லாம் போய்விடும்.

முதல் நன்றி அந்த மணலுக்குச் சொந்தக்காரரான ஐயாவுக்கு. ஏப்ரல் நடுவில் மணலை அள்ளுவதற்கு இயந்திரமும் ஆளும் பேசி வைத்திருந்தார். நான் போய் நின்றபோது எனக்கே நம்பிக்கை இல்லை. வீடு கட்டுகிறவரிடம் குருவிக்காகப் பொறுத்திருங்கள் என்று கேட்க யாருக்குத்தான் வாய் வரும்? அவர் கேட்டது ஒன்றே: "எத்தனை நாளைக்கு?" பஞ்சுருட்டான்கள் பொதுவாக மூன்று வாரம் அடைகாக்கும், குஞ்சுகள் வளையை விட்டு வெளிவர மேலும் நான்கு வாரம் ஆகும் என்று கணக்குச் சொல்லி, ஏழு வாரம் என்றேன். சற்று நேரம் மணலையே பார்த்துக்கொண்டிருந்தவர், தம் சொந்தச் செலவில் வேறு மணல் இறக்கி வேலையைத் தொடர்ந்தார். அந்தச் செலவில் ஒரு பங்கை நான் தருகிறேன் என்றதற்குக் கோபித்துக்கொண்டார். அந்தக் கோபத்துக்கும் சேர்த்தே இந்த நன்றி.

எதிர்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா), தம் வீட்டு முன்திண்ணையை ஏழு வாரமும் எனக்குக் கொடுத்தார். காலை ஏழு மணிக்கே காப்பி வந்துவிடும். நான் இல்லாத நாள்களில் எந்த வளைக்குள் எத்தனை முறை பறவை போனது என்பதைப் பேரனின் பழைய பள்ளிப் புத்தகத்தில் கோடு கோடாகப் போட்டு வைத்திருப்பார். ஒரு பறவை வெளியே வந்ததும் அதன் இணை உள்ளே போகும் அடைகாப்பு முறை மாறி, இரண்டுமே சிறு பூச்சிகளோடு உள்ளே ஓடத் தொடங்கிய நாளை நான் தவறவிட்டேன். குஞ்சு பொரித்த செய்தியை அவருடைய கோடுகள்தாம் சொல்லின. ஒருமுறை பியாவாக் உடும்பு ஒன்று மணலை முகர்ந்துகொண்டு வந்தபோது துடைப்பத்தோடு கிளம்பிவிட்டார். பார்க்க வந்தவன் குறுக்கிடக்கூடாது என்பது என் கட்சி, உடும்புக்கும் வயிறு உண்டு. ஆனாலும் அன்று நான் அவரைத் தடுக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பட்டர்வொர்த்திலிருந்து எனக்குத் துணையாக வந்த மூத்த சீனப் புகைப்படக்காரருக்கு நான் பட்டிருக்கும் கடன் வேறு வகை. தொடக்கத்தில், பறவை அழகாக அமரட்டும் என்று வளை வாயிலருகே ஒரு குச்சியை நட்டேன். தும்பியைக் கவ்விய பறவை நாற்பது நிமிடம் சுற்றிச் சுற்றிப் பறந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. குச்சியைப் பிடுங்கி என் கையில் கொடுத்துவிட்டு, திண்ணை வரை பின்னால் நடந்துபோய் அங்கே உட்கார்ந்தார். நானும் போய் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்தில் பறவை இறங்கியது. திண்ணையிலிருந்து கோணம் சரிப்படாத நாள்களில் காருக்குள்ளிருந்தே எடுத்தோம். மனித உருவத்தைக் கண்டு கலையும் பறவை, நின்றிருக்கும் காரைப் பொருட்படுத்துவதில்லை.

குழாய்களுக்குள் விட்டுப் பார்க்கும் கேமராவை இரவல் தர முன்வந்த நண்பருக்கும் நன்றி, அதை நான் வாங்கவில்லை என்றாலும். இந்த இனத்துக் குஞ்சுகளின் அலகு நுனியில் கூரிய கொக்கி உண்டு. இரை குறையும்போது மூத்தவை அதனால் கடைசிக் குஞ்சைக் குத்திக் கொன்றுவிடுவதும் உண்டு. அதை நேரில் பார்க்கும் ஆசை எனக்கும் இருந்தது. ஆனால் அந்த இருட்டுக்குள் விளக்கோடு நுழைய மனம் வரவில்லை. வாயிலுக்கு வந்து எட்டிப் பார்த்த குஞ்சுகளே எனக்குப் போதுமாக இருந்தன.

இடத்தின் பெயரை வெளியில் சொல்லாமல் காத்த நண்பர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் விட்டுக்கொடுத்த என் மனைவிக்கும் நன்றி.

இன்னும் ஒருவர் இருக்கிறார். புது மணலைக் கொண்டுவந்த லோரி ஓட்டுநர், வளைகள் இருந்த பக்கம் சக்கரம் ஏறிவிடக்கூடாது என்று நான் சொன்னதும், இறங்கி வந்து ஒவ்வொரு வளையையும் பார்த்துவிட்டு, அந்த ஒடுங்கிய பாதையில் பின்பக்கமாகவே லோரியை ஓட்டிப்போய் மணலை இறக்கினார். அவசரத்தில் அவருடைய பெயரைக் கேட்காமல் விட்டேன். ஜூன் முதல் வாரத்தில் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்த நான்கு இளம் பறவைகளின் படத்தை அவருக்கென்று பெரிதாக அச்சிட்டு வைத்திருக்கிறேன். நீலநிற லோரி, கண்ணாடியில் முருகன் படம். அவரைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து இம்மடலை அவரிடம் சேர்ப்பிக்க வேண்டுகிறேன்.

நன்றியுடன்,
மண்டபத்தில் படங்களை மாட்டியவன்
பட்டர்வொர்த், பினாங்கு